ஈஸ்டர் அன்று ஓவனில் வைத்தது

ஈஸ்டர் அன்று காலையில் சூடேறிய ரூபாவதி அத்தையின் ஓவன் கிறிஸ்துமஸ் வரை ஆறவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் போட்ட பிறகும் ஆறவில்லை, மழை மாதத்தில் கரண்டே இல்லாமல் மேட்டுத்தெரு முழுக்க இருண்டு கிடந்தபோதும் ஆறவில்லை, உள்ளே இருந்த ஆப்பிள் பான்கேக் கருகவும் இல்லை, அமுங்கவும் இல்லை, ஓரமெல்லாம் சிவந்து உப்பி நின்றது நின்றபடியே நின்றது. இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் தம்பிக்கு நடந்ததைக் கேட்ட யாருக்கும் இருக்காது. எனக்கு ஆச்சரியமெல்லாம், இரும்பு கூடக் கோபப்பட்டு நின்ற இடத்தில் மேட்டுத்தெருக்காரர்கள் ஈர சாக்ஸைக் காயப்போட்டார்களே, அதைப் பார்த்துத்தான்.

எங்கள் மலையில் ஓர் ஓடை ஊரை இரண்டாக வகுந்துகொண்டு ஓடுகிறது. அந்தப் பக்கம் மேட்டுத்தெரு, ஓட்டு வீடுகள், ரோஜாத் தொட்டிகள். இந்தப் பக்கம் பள்ளத்தெரு, நாங்கள். நடுவில் ஒரு சிமெண்டுப் பாலம். கோயில் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், அதே வேதப்புத்தகம், அதே ஞானப்பாட்டு, திருவிருந்துக்கு அதே ஒற்றைக் கிண்ணம். ஆனால் நாங்கள் பின் பெஞ்சு, கிண்ணம் எங்களிடம் கடைசியாக வரும், செத்தால் கல்லறைத் தோட்டத்தில் சேறு தேங்கும் மூலை எங்களுக்கு. மேட்டுத்தெருக்காரர் யாரும் பாலத்தைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. கேரட் பிடுங்க ஆள் வேண்டுமென்றால் பாலத்தின் நடுவில் நின்று, “ஏ மார்த்தாள், நாலு பேரைக் கூட்டிட்டு வா” என்று கூவுவார்கள், நாங்கள் போவோம்.

அப்படிப்பட்ட ஊரில்தான் என் தம்பி ஈசாக்கு, ஜீப் ஓட்டுகிறவன், மேட்டுத்தெரு ஞானாதிக்கம் சாருக்கும் ரூபாவதி அத்தைக்கும் ஒரே மகளான எப்சிபாவை ரெஜிஸ்டர் ஆபீஸில் வைத்துக் கட்டிக்கொண்டான். சார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், சபைக் கமிட்டிச் செயலாளர். அவர் கத்தவில்லை, ஆளை அனுப்பவில்லை, எங்கள் வீட்டு மேல் கல் எறியவில்லை. அதற்காகவே ஊரெல்லாம் அவரை நல்ல மனுஷன் என்றது. கல் எறியாததற்கெல்லாம் நல்ல பேர் கொடுக்கிற ஊரில் நல்ல பேருக்கு என்ன பஞ்சம்.

மகள் போன நாளிலிருந்து ரூபாவதி அத்தை புருஷனுக்குச் சோறு போட்டாள், பேச்சைப் போடவில்லை. ஒரு வருஷம் இப்படிப் போனது. கடைசியில் சார் இறங்கிவந்து, ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து காலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்றார். செய்தி வந்த அன்று எப்சிபா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா கட்டாயம் ஆப்பிள் பான்கேக்தான் செய்வாங்க, அண்ணி” என்றாள்.

அந்தப் பான்கேக்கைப் பற்றி அவள் சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாயூறிப் போயிருந்தது. அத்தை சின்ன வயதில் ஒரு போர்டிங் பள்ளியில் வார்டனாக இருந்தபோது அந்தச் சமையற்கட்டில் கற்றுக்கொண்டதாம். எங்கள் மலை ஆப்பிள் சின்னது, பல் கூசும் புளிப்பு, சந்தையில் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள், அதற்கு அதுதான் சரியாம். தோல் சீவி, நிலாத்துண்டு போல் மெல்லிசாக அரிந்து, கனத்த இரும்புச் சட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு, ஆப்பிள் நிறம் மாறி ஓரத்தில் பாகு கொதிக்கும்வரை புரட்ட வேண்டும். முட்டை, பால், மைதா, ஒரு சிட்டிகை உப்பு, இவற்றைக் கட்டியில்லாமல் அடித்து ஓரமாக வைத்திருந்த மாவை, அந்தக் கொதிக்கிற ஆப்பிள் மேல் ஒரே ஊற்றாக ஊற்றி, சட்டியோடு தூக்கி, நன்றாகச் சூடேறிய ஓவனில் வைத்து மூட வேண்டும். அதற்கப்புறம் யார் கெஞ்சினாலும் கதவைத் திறக்கக்கூடாது. உள்ளே அது பூரி மாதிரி எழும்பி, சட்டியின் விளிம்பைத் தாண்டி ஓரமெல்லாம் சிவந்து நிற்கும். வெளியே எடுத்தால் பெருமூச்சு விட்டது போல் உடனே அமுங்கிவிடும், அமுங்குகிற அந்தச் சூட்டில் சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர். அதனால் அந்த வீட்டில் அத்தை ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஜெபம் முடிந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் ஓவனைத் திறப்பாள். ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால்கூடத் திறக்க மாட்டாள்.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில், பல வீடுகளில் தொங்குவது போல, கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு வேளையும் காணப்படாத விருந்தாளி என்று எழுதிய பலகை தொங்கும். மற்ற வீடுகளில் அது பலகையோடு சரி. சார் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர் ஆயிற்றே, அந்த விருந்தாளிக்கென்று மேசைத் தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டு, தினமும் ஒரு தட்டு வைத்து, தட்டில் மடித்த துண்டும் வைத்திருந்தார்.

என் தம்பிக்கு இது தெரியாது. விடியற்காலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு உள்ளே போனவன், தட்டு வைத்துத் துண்டு மடித்திருந்த நாற்காலியைப் பார்த்ததும், மருமகனுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டான்.

“எழுந்திரு. அது ஆண்டவருக்குப் போட்டது” என்றார் சார்.

“தெரியாம உக்காந்துட்டேன் சார்” என்று தம்பி எழுந்து, பக்கத்து நாற்காலியை இழுத்தான்.

“அதுவும் வேண்டாம். வராந்தாவுல ஸ்டூல் இருக்கு. நீ அங்க இரு, கொண்டுவந்து தரச் சொல்றேன். தப்பா எடுத்துக்காதப்பா, மேசைன்னு ஒண்ணு இருக்கில்ல.”

“அப்பா, அவர் என் வீட்டுக்காரர்” என்றாள் எப்சிபா.

“அதனாலதானேம்மா வாசப்படி ஏத்தியிருக்கேன்.”

அவர் இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார் என்று தம்பி சொன்னபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பி நடந்து வந்தார்கள். அத்தை கைத்துணியோடு ஓவன் பக்கத்தில் நின்றிருந்தாளாம். சார் ஜெபத்தை முடித்துவிட்டு, “எடு ரூபா” என்றாராம். “எல்லாரும் உக்காந்தப்புறம்தான் எடுப்பேன்” என்று சொல்லி, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கைத்துணியை மடித்து வைத்துவிட்டாள் அத்தை. அன்றைக்கு ஆறாமல் போன ஓவன்தான்.

முதலில் சார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவன் வந்து, வயரை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கையை நீட்டி நெருப்புக் காய்ந்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை, நல்ல ஓவன் என்று சொல்லிப் போனான். சார் கதவைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. போதகர் வந்து ஜெபித்துக் கைவைத்தார், உள்ளங்கை பழுத்துவிட்டது, வெண்ணெய் தடவிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அதை வேதத்தில் வரும், எரிந்தும் வெந்துபோகாத முட்செடியோடு சேர்த்துப் பேசினார். அந்த முட்செடிக்குள்ளிருந்து என்ன குரல் வந்தது, எந்த அடிமை ஜனத்தின் கூக்குரலைக் கேட்டேன் என்று சொன்னது, அதுவரைக்கும் அவர் வாசிக்கவில்லை. பின் பெஞ்சில் இருந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு மழை வந்தது. எங்கள் மலையில் மழை வந்தால் துணி காயாது, இட்லி மாவு புளிக்காது, பூண்டு பூஞ்சை பிடிக்கும், கிழவர்களின் முட்டி பிடித்துக்கொள்ளும். முதலில் பக்கத்து வீட்டுக்காரி, “அக்கா, பிள்ளையோட யூனிபார்ம் மட்டும்” என்று கேட்டு வந்தாள், அடுத்து அவள் நாத்தனார் மாவுப் பாத்திரத்தோடு வந்தாள், அந்தச் சூட்டில் மாவு பொங்கி மூடியைத் தள்ளியதைப் பார்த்துத் தெருவே மாவோடு வந்தது, மாவுக்குப் பின்னால் பூண்டு மூட்டை, பூண்டுக்குப் பின்னால் ஈரக் கம்பளி, கம்பளிக்குப் பின்னால் அடைக்கு வைத்த முட்டை, முட்டைக்குப் பின்னால் முட்டிவலிக்காரர்கள் நாற்காலியோடு, அவர்களுக்குப் பின்னால் பாடகர் குழு, குளிரில் தொண்டை கட்டுகிறதாம், அத்தையின் அடுப்படியில் நின்று நான்கு குரலில் பாடிப் பழகினார்கள். சபைக் கமிட்டி கூடி, காலையில் மாவு, மதியம் பூண்டு, சாயங்காலம் முட்டி என்று முறை வைத்தது. செருப்பை வெளியே விட வேண்டும் என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டது. கொஞ்ச நாளில் அது ரூபாவதியம்மா ஓவன் என்ற பேர் போய், சபை ஓவன் ஆகிவிட்டது. மேட்டுத்தெரு முழுக்க ஆப்பிளும் பட்டையும் மணத்தது. ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சுக்காரர்களின் ஸ்வெட்டரில் இருந்து அந்த வாசனை பின்னால் வரும், எப்சிபா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

எப்படி ஆறாமல் இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அத்தை ஒளிக்கவில்லை. “என் மகளும் மருமகனும் இந்த மேசைல வந்து உக்காந்தா ஆறிடும்” என்று கேட்ட எல்லோரிடமும் சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு, சாக்ஸைத் திருப்பிப் போட்டார்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எப்சிபாவின் பேச்சை எடுத்தால் ஓவன் இன்னும் சூடாகிறது என்று பாடகர் குழுப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மாவு புளிக்கச் சுணங்கினால் போதும், ஒருத்தி மெதுவாக ஆரம்பிப்பாள், “அக்கா, உங்க பொண்ணைச் சந்தைல பார்த்தேன், ஆளே பாதியாயிட்டா”, இன்னொருத்தி, “கேரட் மூட்டை தூக்குறாளாமே, உங்க வீட்டுல ஒரு தம்ளர் கழுவியிருப்பாளா”, அத்தையின் முகம் கறுக்கும், ஓவன் கண்ணாடி சிவக்கும், மாவு பொங்கும், அவர்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, “கர்த்தர் நல்லவர்” என்று போவார்கள். எப்சிபா மூட்டை தூக்கவில்லை, எங்கள் வீட்டில் ஒரு சுற்றுப் பருத்திருந்தாள். இதை நான் பூண்டு கொண்டுபோன சாக்கில் கொல்லைக் கதவில் நின்று அத்தையிடம் சொன்னேன்.

“தெரியும் மார்த்தாள். பொய்யின்னு தெரிஞ்சும் கோவம் வருதே, என்ன பண்ண” என்றாள்.

“நீங்க ஒரு நடை நம்ம வீட்டுக்கு வாங்க அத்தை. அவ உங்களைப் பார்க்கணும்னு ஏங்குறா.”

“வரமாட்டேன். நான் அங்க வந்து கொஞ்சிட்டுத் திரும்பிட்டா, இங்க எதுவுமே நடக்காத மாதிரி இவர் பாட்டுக்குச் சாப்பிடுவார். அவ பொறந்து வளர்ந்த வீட்டு மேசை இது. அவளும் உக்காரணும், அவனும் உக்காரணும், உக்காருங்கன்னு இவர் வாயால சொல்லணும். அதுவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்.”

சாரும் சும்மா இல்லை. மற்றவர்கள் போன பிறகு ஓவனுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக் கண்ணாடி வழியாக அந்தப் பான்கேக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். கல்யாணமான புதிதில் இருந்து விசேஷ நாள் காலையில் அதைத் தின்று பழகிய வாய். மார்கழிப் பனி இறங்கிய ஒரு நாள், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லிடு ரூபா. ரெண்டு பேரையும். மேசையிலேயே உக்காரட்டும்” என்றார்.

அந்த நிமிஷத்தில் இருந்து ஓவன் கொஞ்சம் தணிந்தது. எங்கள் வீட்டில் தம்பி போகமாட்டேன் என்று முறுக்கினான், எப்சிபா அவன் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள், அவன் போய்ச் செருப்பைத் துடைத்து வைத்தான். மேட்டுத்தெருவில் மாவு புளிக்கவில்லை, பூண்டில் பூஞ்சை வந்தது, கிழவர்கள் கம்பளிக்குள் முனகினார்கள். பாடகர் குழுப் பெண்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள், அத்தை சிரித்துக்கொண்டே ஆப்பிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த கையோடு கமிட்டிக்காரர்கள் சாரோடு கூடவே அவர் வீட்டுக்குப் போனார்கள். அத்தை உள்ளே தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அன்று அங்கே பேசியதை அவளே பின்னால் எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

“சார், உங்க குடும்ப விஷயத்துல தலையிடுறோம்னு நினைக்கக்கூடாது. இந்தப் பனி மட்டும் போகட்டும்” என்றார் ஒருத்தர்.

“எங்க அம்மாவுக்கு அந்த ஓவன்தான் சார் மருந்து” என்றார் இன்னொருத்தர்.

“ஒரு வீட்டுச் சந்தோஷத்துக்காக ஒரு தெருவையே குளிர்ல போடலாமா? தியாகம்னு எடுத்துக்கோங்க” என்றார் போதகர்.

பள்ளத்தெரு என்ற வார்த்தையை அதில் ஒருத்தரும் உச்சரிக்கவில்லை. அவ்வளவு நாகரிகம். சார், “ஊருக்காகன்னா நான் என்ன சொல்ல முடியும்” என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்ததா என்று அத்தை காது கொடுத்துக் கேட்டாளாம். இல்லை. தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்ட நிம்மதிதான் இருந்தது. அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஈஸ்டருக்குப் பார்த்துக்கலாம் ரூபா” என்றார். உடனே ஓவன் சிவந்தது, அறை முழுக்கச் சூடு பரவியது, கமிட்டிக்காரர்கள் முகம் மலர்ந்து கைகளை அதன் பக்கம் நீட்டினார்கள்.

நீட்டிய கைகளை அத்தை பார்த்தாள். பிறகு கைத்துணியை எடுத்தாள், எட்டு மாசமாக யாருக்கும் திறக்காத கதவை ஒற்றை விரலால் திறந்தாள், இரும்புச் சட்டியைப் பான்கேக்கோடு தூக்கினாள், நடுவில் நின்றவர்கள் சூடு தாங்காமல் விலகினார்கள், அவள் வாசல் வழியாக இறங்கித் தெருவில் நடந்தாள்.

நான் எங்கள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், உள்ளே தம்பியும் எப்சிபாவும் விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பனிக்குள் ஏதோ மினுக்கிக்கொண்டு வருவது தெரிந்தது, அதற்கு முன்னால் வாசனை வந்தது, அப்புறம்தான் அத்தை தெரிந்தாள். கால் வைத்த இடமெல்லாம் புல்லில் உறைந்திருந்த பனி உருகி ஓடியது. அவளுக்குப் பின்னால் மேட்டுத்தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது, கையில் ஈரக் கம்பளியோடு, மாவுப் பாத்திரத்தோடு, ஒரு கிழவியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு. விட்டுவந்த ஓவன் செத்த இரும்பாகச் சில்லிட்டுவிட்டதாம். “அக்கா, நில்லுங்க”, “அம்மா, ஊரைப் பாருங்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்கள். அத்தை பாலத்தில் ஏறினாள், கடந்தாள், எங்கள் பக்கம் இறங்கினாள். அவர்கள் பாலத்தின் நடுவில், கேரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற அதே இடத்தில், பிரேக் போட்டது போல் நின்றார்கள்.

எங்கள் வீட்டில் மேசை கிடையாது. தம்பி பலகையைத் தரையில் போட்டான், அத்தை சட்டியை அதில் வைத்தாள். “எல்லாரும் உக்காருங்க” என்றாள். தம்பி, எப்சிபா, நான், வாசலில் கூடிவிட்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். கடைசிப் பிள்ளை உட்கார்ந்ததும் பான்கேக் நிதானமாக அமுங்கியது. எப்சிபா அம்மாவின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அத்தை அழவில்லை, கத்தி எடு என்றாள். ஈஸ்டரில் வைத்ததை அவள் வெட்டி வெட்டிப் போட்டாள், அது குறையவும் இல்லை, நான் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

இரும்புச் சட்டியின் சூடு வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கூரைப் பனி சொட்டியது. தம்பி வாசலுக்குப் போய்ப் பாலத்தைப் பார்த்து, “எல்லாரும் வாங்க, இங்க எடம் இருக்கு, குளிர்ல நிக்காதீங்க” என்று கூப்பிட்டான். என் தம்பி அப்படி, எனக்கு அந்த மனசு வராது. பல் கிட்டித்துப்போய், உதடு நீலமாகி, அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நாற்காலியில் இருந்த கிழவி மட்டும் கையை நீட்டி என்னவோ கேட்டாள், அவள் மகன் அந்தக் கையைப் பிடித்துக் கம்பளிக்குள் வைத்தார்.

எல்லோருக்கும் முன்னால் ஞானாதிக்கம் சார் நின்றார். கிறிஸ்துமஸ் கோட்டும் டையுமாக, வெறும் வயிற்றோடு. அத்தை அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. ஆனால் பான்கேக்கில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, “மார்த்தாள், கொண்டுபோய்க் குடு. வாங்கினாருன்னா உள்ள கூட்டிட்டு வா” என்றாள். குரல் அங்கே ஒரு நிமிஷம் உடைந்தது.

நான் தட்டோடு பாலத்தில் ஏறினேன். ஆவி பறந்தது, ஆப்பிளின் பாகு தட்டில் வழிந்தது. “சார், அத்தை குடுத்துவிட்டாங்க” என்றேன். அவர் தட்டைப் பார்த்தார். வலது கை தானாக எழுந்து பாதிவரை வந்தது, இன்னும் ஒரு சாண் வந்திருந்தால் தொட்டிருக்கும். அப்போது அவர் தட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார், பின்னால் திரும்பித் தன் தெருவைப் பார்த்தார், அவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை திரும்பிப்போய்க் கோட்டுப் பைக்குள் நுழைந்துகொண்டது.

“எனக்குப் பசியில்லம்மா” என்றார், குரலை உயர்த்தாமல்.

நான் திரும்பிப் போகவில்லை. அவர் கண்ணுக்கு நேராக நின்று, அந்தத் துண்டை எடுத்து, மெதுவாக, ஒரு துணுக்கு விடாமல், முழுவதையும் தின்றேன். நல்ல சூடு.